உப்புக்கு அஞ்சாத பாசி

ஜூலை 3

என் ஆராய்ச்சி வழிகாட்டி முனைவர் கோமதிநாயகம் இன்று லேபில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "மிஸ் பேச்சித்தாய், உங்க நேரமெல்லாம் எங்க போகுதுன்னு என்னைக்காவது எழுதிப் பாத்திருக்கீங்களா?"

இல்லை சார். இன்றிலிருந்து எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாமலும் கோவில்பட்டி ஹாக்கி மைதானம். நான் மாவட்டப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். மெத்தை வியாபாரி மாதிரி உடம்பெல்லாம் பஞ்சைக் கட்டிக்கொண்டு, மற்ற பத்துப் பேர் ஓடுவதை நின்று பார்க்கும் வேலை. பிறகு குளியல், அம்மா கட்டித்தரும் எலுமிச்சைச் சோறு, திருநெல்வேலி ரயில். ஈரத் தலையோடு ரயிலில் ஆய்வுக் கட்டுரை படிப்பேன். பல்கலைக்கழகத்தில் என் நுண்பாசிகள் குடுவைகளுக்குள் காத்திருக்கும். அவற்றை உப்புத்தண்ணீரில் வளர்த்து, எவ்வளவு உப்பைத் தாங்குகின்றன என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. தூத்துக்குடி உப்பளங்களில் வீணாகும் நீரில் பாசி வளர்த்து மீனுக்குத் தீவனமாக்கலாம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். உலகமும் பொறுமையாகத்தான் இருக்கிறது. உப்பைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் பாசி செத்துப்போகிறது. ஐந்தாவது வருஷமாகச் சாகிறது.

மாலை ரயில். வீடு. பேடுகளை மொட்டைமாடியில் காயப்போட்டேன். அந்த வாடைக்குக் காக்காய்கூட அந்தப் பக்கம் வருவதில்லை.

நேரம் எங்கே போகிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 8

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மாநிலப் போட்டி. இந்த முறை எங்கள் ஊரிலேயே நடக்கிறது. அதே வாரத்தில்தான் என் ஆய்வுச் சுருக்கத்தைத் துறையின் முன் வைக்க வேண்டுமாம். இரண்டையும் செய்வேன் என்றேன்.

"ஒண்ணு பாசி, இல்லேன்னா பந்து. ரெண்டும் 'பா'வுல ஆரம்பிக்குதுங்கிறதத் தவிர ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் கைடு. தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பக்கத்து மேஜை ஹாஜிராவும் சிரித்தாள். மேலப்பாளையத்துக்காரி, என்னோடு அதே வருஷம் சேர்ந்தவள், தோழி என்று நான் நம்பிக்கொண்டிருந்தவள். டீக்கடையில் கேட்டதற்கு, "சிரிக்கலேன்னா என் கட்டுரையத் திருத்தித் தருவாராட்டீ?" என்றாள். நியாயம்தான்.

மைதானத்தில் கோச் ராயப்பன் சார் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்கிறார்.

"பேச்சி, இந்தப் படிப்பு எப்பம்மா முடியும்?"

"முடிஞ்சிரும் சார்."

"எங்க வீட்டுப் பக்கத்துல பாலம் கட்டுதான். அவனும் இதத்தான் சொல்லுதான்."

ஜூலை 13, ஞாயிறு

மதுரை அணியோடு பயிற்சி ஆட்டம். ஒரு பெனால்டி கார்னரில் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டினேன். பாய்ந்த வேகத்தில் ஹெல்மெட்டோடு போய் கோல் கம்பத்தில் மோதினேன். கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ராயப்பன் சார் ஓடி வந்தார். "பேச்சி, ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்ல சார்."

மாற்று கோல்கீப்பர் செண்பகவல்லியும் வந்தாள். போலீஸ் கான்ஸ்டபிள். பிள்ளை பெற்று இப்போதுதான் ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கிறாள். "அக்கா, செத்த நேரம் உக்காருங்க. நான் நிக்கேன்" என்றாள். எவ்வளவு கரிசனம். என் இடம் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு எப்படிப் பேச வரும். நானே கடைசி வரை நின்றேன். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோமாம். அப்படித்தான் சொன்னார்கள்.

ஜூலை 14

லேபில் புது டியூப்லைட் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குள் ஊசி இறங்குகிற மாதிரி வெளிச்சம். பழைய லைட்தான் என்கிறாள் ஹாஜிரா. அறிவியல் படிப்பவளுக்கு இந்த அளவு கவனிப்புத் திறன் போதும் போலிருக்கிறது.

புதிய தொகுதிக்கு வளர்ப்பு நீர் கலக்கினேன். குறைந்த உப்பு, நடு உப்பு, அதிக உப்பு. ஐந்து வருஷமாகச் செய்வது. தூக்கத்திலும் செய்வேன்.

ஜூலை 17

மாலை ரயிலில் கோவில்பட்டியைத் தாண்டி சாத்தூரில் இறங்கினேன். வேண்டுமென்றேதான். காராச்சேவு வாங்க ஆசை. அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். ஒரு சேவுக்காகவா ஒரு ஊர் தாண்டிப் போன என்று கேட்டாள். ருசி தெரியாத குடும்பம்.

ஜூலை 20

துணி ஊறவைத்தேன். தலைவலி மாத்திரை ஒன்று. துணி ஊறவைக்கப் போனால் வாளியில் ஏற்கெனவே துணி ஊறிக்கொண்டிருந்தது. அம்மா ஊறவைத்திருப்பாள். நான் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். வயசாகிறது அவளுக்கு.

ஜூலை 25

அதிக உப்புக் குடுவைகள் பச்சைப் பசேல் என்று இருக்கின்றன.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உயிரோடு, கொழுகொழுவென்று, பெருகிக்கொண்டு. ஹாஜிராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அல்லா" என்று மட்டும் சொன்னாள். கைடு தன் அறையிலிருந்து செருப்பைக்கூடப் போடாமல் வந்தார். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக என்னை 'மிஸ்' போடாமல் "பேச்சித்தாய்" என்றார்.

ஜூலை 28

கைடுக்கு ஹாக்கி பிடித்துவிட்டது. துறைத் தலைவரிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம பேச்சித்தாய் மாவட்ட கோல்கீப்பர் சார். அந்த ஒழுக்கம் லேப்லயும் தெரியுது. மூளைக்கு விளையாட்டு ரொம்ப நல்லது" என்றார். மூன்று வாரம் முன்பு வரை அதே மூளையை அதே விளையாட்டு தின்றுகொண்டிருந்தது.

கொச்சியில் நடக்கும் கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. தலைப்பில் என் பாசிக்கு 'உப்புக்கு அஞ்சாத' என்று அடைமொழி கொடுத்திருக்கிறார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. சோதனையை ஹாஜிரா ஒரு முறை தனியாகச் செய்து பார்க்க வேண்டும் என்றார். சும்மா, ஒரு சம்பிரதாயத்துக்கு.

எனக்கு ஒன்றும் பெரிய சந்தோஷமெல்லாம் இல்லை. ரயிலில் எதிரில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 3

சாப்பிடும்போது கொச்சி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கடலைமிட்டாய்க் கடையில் நாள் முழுக்கப் பொட்டலம் போட்டுவிட்டு வந்தவள், தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத நேத்தும் சொன்ன. முந்தாநாளும் சொன்ன."

"சந்தோஷமான விசயத்த எத்தன தடவ சொன்னா என்ன?"

"மொதத் தடவ சொல்லுத மாதிரியே சொல்லுதியே, தாயி."

சாதம் போதும் என்று எழுந்துவிட்டேன். பசியில்லை. சில நாளாகவே இல்லை. வெயில் காரணம்.

ஆகஸ்ட் 5

பயிற்சியில் சுலபமான பந்துகள் சில உள்ளே போயின. ராயப்பன் சார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் நடந்து வந்தார். ரயில்வே அணிக்கு கோல்கீப்பராக இருந்தவர். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"பந்து எப்பத் தெரியுது உனக்கு?"

"ஸ்டிக்க விட்டுக் கெளம்பும்போதே தெரியுது சார். சூரியன்தான் கண்ணுல அடிக்கி."

அவர் வானத்தைப் பார்த்தார். மேகமூட்டம். விசிலடித்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அவருக்கும் கண்ணில் கோளாறு போல.

ஆகஸ்ட் 8

ஹாஜிராவின் அதிக உப்புக் குடுவைகளில் பாசி செத்துவிட்டது. அடியில் வெளுத்த சேறாகப் படிந்திருக்கிறது. கைராசி என்று ஒன்று இருக்கிறது அல்லவா. அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன். நீ எழுதி வச்சிருக்கிறதப் பாத்துப் பாத்து."

"அப்ப நான் பொய் சொல்லுதேன்கிறியா?"

"அப்படிச் சொல்லல, பேச்சி."

"வேற எப்படிச் சொல்லுத?"

பொறாமை. எழுதிவைக்கிறேன், பிற்காலத்தில் பேட்டி எடுப்பவர்களுக்கு உதவும்.

ஆகஸ்ட் 11

மதியம் கைடு ஊரில் இல்லை. ஹாஜிரா உப்பு அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். சின்ன தொலைநோக்கி மாதிரி இருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். "நீயே பாரு. நான் தொடல" என்றாள்.

என் அதிக உப்புக் குடுவையிலிருந்து ஒரு சொட்டு. பார்த்தேன். கருவி கெட்டுவிட்டது என்றேன். வேறு கருவி எடுத்து வந்தாள். எல்லாக் குடுவையிலும் பார்த்தேன்.

உப்பே கூட்டப்படவில்லை. பாசி வழக்கமாக வாழும் சாதாரணக் கடல்நீர்தான். என் அஞ்சாத பாசி அஞ்சுவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை.

"நீ அன்னைக்கு உப்ப எடை போட்டது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நாளை யோசித்துப் பார்த்தேன். டியூப்லைட் மட்டும்தான் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

ஹாஜிரா கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். தலைவலி எப்போதிருந்து, தூக்கம் எப்படி, ஏன் இரண்டு தடவை சோற்றுப் பாத்திரத்தை ரயிலில் விட்டாய், எங்கேயாவது விழுந்தாயா. கம்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "நாளைக்கு டாக்டர்ட்டப் போறோம்" என்றாள். கேட்கவில்லை. சொன்னாள்.

ஆகஸ்ட் 12

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட இளையவள். கண்ணில் டார்ச் அடித்தாள். ஒரு கோட்டில் நடக்கச் சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். மாநில அளவில் ஆடுகிறவளுக்கு ஒற்றைக் காலில் நிற்க ஹாஜிராவின் தோள் தேவைப்பட்டது.

"மாசங்கள டிசம்பர்ல இருந்து தலைகீழாச் சொல்லுங்க."

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்." அங்கே நின்றுவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு மாசம் இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரிந்த மாசம், முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. "தமிழ் மாசம்னா சொல்லிருவேன்" என்றேன். ஹாஜிரா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது. அன்றே ஓய்வெடுத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகியிருக்குமாம். நான் ஓய்வுக்குப் பதிலாக ஆட்டம், ரயில், மைக்ரோஸ்கோப் என்று அதற்கு விருந்து வைத்திருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழம ஃபைனல் வரும் போல இருக்கு. அது மட்டும் ஆடிட்டு ஓய்வெடுக்கலாமா?"

"ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, நான் ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது" என்றாள் டாக்டர். சின்னப் பெண்தான். பேசத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 13

உப்பு விஷயமும் தலை விஷயமும் வேறு யாருக்கும் தெரியாது. ஹாஜிரா சொல்ல மாட்டாள். சும்மா எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 14

கைடு கொச்சிக்கு ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கும் சேத்துப் போட்டுடறேன். லோயர் பெர்த்துதானே?" என்றார். என்னை எதிலும் லோயரில் வைப்பவர், முதல் முறையாக அன்போடு வைத்தார்.

சொன்னேன். கம்பம், டியூப்லைட், உப்பு, டாக்டர். வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ரயிலில் மனப்பாடம் செய்திருந்தும் வரிசை மாறிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஹாஜிராவுக்கு."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாக, "மறுபடி ஒரு தொகுதி போடுவோம். அது வர்ற வரைக்கும் கொச்சி அப்படியே இருக்கட்டும். தப்புன்னு நிச்சயமாகாத ஒண்ண நாமளே எதுக்குத் தப்புன்னு சொல்லணும்?"

"நிச்சயமாயிட்டு சார். உப்பு இல்ல."

"துறை முழுக்கச் சொல்லிட்டேன், பேச்சித்தாய்." ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது. அவருடைய லேபிலும் இத்தனை வருஷமாகப் பாசி செத்துக்கொண்டுதான் இருந்தது என்பதை இதற்கு முன் நான் யோசித்ததில்லை.

"நீங்க அதத் திரும்ப எடுக்கலேன்னா நான் கொச்சிக்கு எழுதிருவேன் சார்" என்றேன். ஐந்து வருஷத்தில் அவரிடம் நான் கிண்டல் கலக்காமல் சொன்ன முதல் வாக்கியம். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். போகச் சொல்லிக் கையசைத்தார்.

ஆகஸ்ட் 15

மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அது முடிந்ததும் ராயப்பன் சாரிடம் ஹெல்மெட்டை நீட்டினேன். நாளை முதல் ஆட்டம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"எப்ப அடிபட்டது?"

"மதுரைக்காரங்களோட ஆடும்போது சார். கம்பத்துல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி, ஈரத் தரை. "நான் வந்து கேட்டேனே, ஒண்ணும் இல்லல்லான்னு."

"நான் இல்லன்னு சொன்னேன் சார்."

"கோல்கீப்பர் வேற என்னத்தச் சொல்லுவா. நானும் அப்படித்தான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்குப் பொறவும் ஒன்ன ஒரு மாசமா நிக்க விட்டிருக்கேன்." ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கீறல்கூட இல்லை.

செண்பகவல்லியை நானே கூப்பிட்டேன். இதற்காக ஏங்கிக்கொண்டிருந்தவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நான் ஒரு வருசமா பெரிய மாட்ச் ஆடல. பயமா இருக்கு" என்றாள். ஒருத்தியைப் பற்றி இத்தனை நாள் இவ்வளவு தவறாக எழுதியதற்கு ஒரே ஆறுதல், இதை அவள் படிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இறுதி ஆட்டம். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, காதில் பஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண் நோய் என்று நினைத்து யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மா மட்டும் உட்கார்ந்தாள். ஹாக்கி பார்க்க அவள் வருவது இதுதான் முதல் தடவை. நான் ஆடாத ஆட்டமாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்அவுட் வரை போனது. எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தராகப் பந்தோடு ஓடிவர, செண்பகவல்லி தனியாக நின்றாள். கடைசிப் பந்துக்கு நானாக இருந்தால் இடப்பக்கம் பாய்ந்திருப்பேன். அவள் பாயவில்லை. காத்திருந்து, காத்திருந்து, காலால் தட்டினாள்.

ஜெயித்தோம். நான் இல்லாமல், என்னைவிட நன்றாக. எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் கைதட்டினேன். தலை இடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதியா?" என்று கேட்டாள்.

"கண்ணாடிக்குள்ள வேர்க்கி" என்றேன். பிறகு, "ஆமா" என்றேன்.

ஆகஸ்ட் 18

கொச்சிக்குக் கைடு எழுதிய மின்னஞ்சலின் நகல் வந்தது. மூன்றே வரி. ஆய்வு முடிவில் பிழை கண்டறியப்பட்டது, சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம், பொறுப்பு என்னுடையது என்று எழுதியிருந்தார். என் பெயரோ அடிபட்ட விஷயமோ எங்கும் இல்லை. திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று மறுபடியும் படித்தேன். கிடைக்கவில்லை. துறையின் முன் நான் வைக்க வேண்டிய ஆய்வுச் சுருக்கம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகிறது.

செப்டம்பர் 22

இந்த மாசத்தின் பெயர் இப்போதெல்லாம் தடையில்லாமல் வருகிறது.

லேபுக்கு அரை நாள் போகிறேன். உப்பை நான் நிறுக்கிறேன், ஹாஜிரா சரிபார்க்கிறாள். அவளுடையதை நான் சரிபார்க்கிறேன். அதிக உப்பில் பாசி வழக்கம்போல் செத்துப்போனது. பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருந்தது. நடு உப்பில் மட்டும், மெதுவாகக் கூட்டினால், கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கைடு நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இது நிஜமா இருக்கு" என்றார். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு இதுதான். மறுபடியும் 'மிஸ் பேச்சித்தாய்' ஆகிவிட்டேன். நிம்மதி.

நவம்பர் 30

ஆடலாம் என்று டாக்டர் போன வாரம் சொன்னாள். ஆடித்தான் ஆக வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கைடு, "வைவா வரைக்கும் அந்தத் தலை எனக்கு வேணும்" என்றார். ஹாஜிரா ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினாள், போருக்கு அனுப்புகிற மாதிரி.

இன்று காலை மைதானம். பனி. பேடுகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றேன். செண்பகவல்லி பேடின் வாரைச் சரியாக இறுக்கிவிட்டாள். முதல் பந்தை ராயப்பன் சாரே அடித்தார். சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி மெதுவாக.

ஸ்டிக்கை விட்டுக் கிளம்பும்போதே பந்து தெரிந்தது. தெளிவாக. அது வந்துகொண்டிருந்தபோது நான் கண்ணை மூடிவிட்டேன். பந்து பேடில் பட்டு உருண்டது. அவர் இன்னொன்று அடித்தார். அதற்கும் மூடினேன். வெயிலும் இல்லை, டியூப்லைட்டும் இல்லை.

பயமாக இருந்தது. ராயப்பன் சாரிடம் போய் அதையே சொன்னேன். "சரி" என்றார். "நாளைக்கும் வா."

போகிறேன்.